அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுன ஒரு மாசம், ஏழு புத்தகம்

போன ஆனி மாசம் அம்மாவுக்கு இடது கண்ணுல ஆபரேஷன். விழித்திரைக்கு நடுவுல பொத்தல் விழுந்துருக்கு, மாக்குலர் ஹோல்னு பேரு, ஆபரேஷன் பண்ணி உள்ளுக்குள்ள ஒரு கேஸ் குமிழிய விட்டு அனுப்பிட்டாங்க. குமிழி எப்பவும் மேல தானே மிதக்கும், அதனால ஆளு கவுந்தே இருந்தாத்தான் அது பின்பக்கமா போய் பொத்தல அமுக்கிப் பிடிக்கும்னு டாக்டர் ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டுனாரு. நாள் கணக்கா அப்படி. சாப்பிட, பாத்ரூம் போக, சொட்டு மருந்து விட மட்டும் நிமிரலாம். அதுக்கப்புறமும் குமிழி கரையுற வரைக்கும் அந்தக் கண்ணு தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி கலங்கலாத்தான் தெரியும், வலது கண்ணுல ஏற்கனவே புரை வேற. ஆக ஒரு மாசத்துக்கு டிவி இல்ல, போன் இல்ல, வாரப் பத்திரிகை இல்ல.

எங்கம்மா படிக்கிற ஆளு. கோவில்பட்டி பக்கம் கிராமம், எட்டாவதோட நிப்பாட்டிட்டாங்க, ஆனா பத்திரிகைல வர்ற தொடர்கதைய வாராவாரம் கிழிச்சு சேத்து வச்சு முடிஞ்சதும் பைண்டிங் கடையில குடுத்து தச்சு வாங்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் இரவல் குடுத்த தலைமுறை. அந்த ஆளு மேஜை மேல தலகாணிய வச்சு நெத்திய அதுல முட்டுக்குடுத்துக்கிட்டு நாளெல்லாம் தரையவே பாத்துட்டு உக்காந்துருக்கறத பாக்க எனக்கு வயித்தப் பிசைஞ்சுது. ரெண்டாவது நாள் ராத்திரி, நேரமே நகர மாட்டேங்குது பாப்பான்னு மட்டும் சொல்லுச்சு. எழுந்து போய் அலமாரியில இருந்து கோபல்ல கிராமத்த எடுத்துட்டு வந்தேன்.

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், அந்த மாசம் வீட்டுல இருந்தே வேலைன்னு பேசி வாங்கியிருந்தேன். நானும் ஒரு புத்தகத்த முழுசா முடிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆகியிருந்துச்சு, வாங்கி அடுக்கறதோட சரி. அந்த ஒரு மாசத்துல ஏழு புத்தகம் கைக்கு வந்துச்சு, அதுல அஞ்ச அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், ரெண்டு சத்தமா வாசிக்க சரிப்பட்டு வரல, அத நான் மட்டும் தனியா முடிச்சேன். யார் வீட்டுலயாவது இந்த மாதிரி படுத்த படுக்கையா ஒரு ஆளு இருந்தா உதவுமேன்னு தோணுது, அதனால எழுதுறேன்.

கி.ராஜநாராயணனோட கோபல்ல கிராமம் 1976ல வந்தது. ஆந்திராப் பக்கமிருந்து உயிருக்குப் பயந்து தெக்க ஓடிவந்த தெலுங்கு பேசற ஜனங்க காட்ட அழிச்சு கரிசல்ல ஒரு ஊர உண்டாக்குன கதை. ஆரம்பத்துலயே ஒரு பொண்ணு தண்ணி குடிக்கப் போன இடத்துல நகைக்காக ஒருத்தன் அவள தண்ணிக்குள்ள அமுக்கிக் கொல்றான், சாகப்போற நேரத்துல அவ அவனோட கால் பெருவிரல கடிச்சவ விடவே இல்ல. அத வாசிச்சு முடிச்சதும் அம்மா குனிஞ்சபடியே கை மட்டும் மேல தூக்கி நிறுத்துன்னுச்சு. அம்மாவோட ஆச்சிக்கு பாம்படம் போட்ட காதாம், தோள்ல இடிக்கிற அளவுக்குத் தொங்குமாம், ஒரு திருவிழாக் கூட்டத்துல எவனோ பிடிச்சு இழுத்ததுல ஒரு பக்கத்துக் காது அந்துபோச்சாம், அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஆச்சி தலையில முக்காடு போட்டேதான் வெளிய போவாங்களாம். நாப்பத்தி ரெண்டு வயசாகுது எனக்கு, இதுவரைக்கும் எங்கம்மா இத என்கிட்ட சொன்னதே இல்ல.

அந்த நாவல்ல கதைக்குள்ள இன்னொரு கிழவி, மங்கத்தாயாரு அம்மாள், தான் ஓடிவந்த கதைய சொல்லிட்டு இருப்பா. அதனால வாய் விட்டு வாசிக்கும்போது நம்ம வாயே அந்தக் கிழவி வாயா ஆயிடுது. கமா எங்க, மூச்சு எங்கன்னு தேடவே வேண்டியதில்ல, வாக்கியமே பேச்சு மாதிரி போகுது. வெட்டுக்கிளி கூட்டமா வந்து இறங்கறதும் ஊரே திரண்டு போய் அதுகூட மல்லுக்கட்டறதும் வர்ற பகுதிய அம்மா ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுச்சு. நான் மதுரையில வளந்தவ, சில கரிசக்காட்டுச் சொல்லு எனக்கு வாயில வழுக்கும், உடனே கீழ இருந்து திருத்தம் வரும். வண்டி மாட்டப் பத்தி பேச்சு வந்தப்ப பூட்டாங்கயிறுன்னா என்னன்னு கேட்டேன், நுகத்தடியில மாட்டு கழுத்த சேத்துக் கட்டற கயிறுன்னு சொல்லிட்டு, எங்கப்பாரு அத கத்தாழை நாருல அவரே திரிப்பாருன்னு ஆரம்பிச்சு அன்னைக்கு வாசிப்பு அப்படியே நின்னுபோய் முக்கா மணி நேரம் அம்மாதான் பேசுச்சு. நிக்கட்டும். புத்தகத்த முடிக்கறது முக்கியமில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

இதுல ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரமாட்டாங்க. கவுந்து இருக்கற ஆளுக்கு பக்கத்துல சேர் போட்டு உக்காந்து வாசிச்சா சத்தம் தலைக்கு மேல போயிடுது, அவங்க காது கொடுக்க கழுத்த திருப்புவாங்க, திருப்பக்கூடாது. நான் மேஜைக்கு அடியில பாய விரிச்சு கீழ உக்காந்துக்கிட்டேன், அம்மா மூஞ்சி எனக்கு நேர் மேல. மெதுவா வாசிச்சாலே போதும். லைட்ட நம்ம முதுகுப் பக்கம் வச்சுக்கணும், அவங்க கண்ணுக்கு நேரா அடிக்கக்கூடாது. ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் வாசிச்சா தொண்டை கட்டுது, வெந்நீர்ல பனங்கற்கண்டு போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டேன். நாடகம் போடற மாதிரி ஆளுக்கு ஒரு குரல் மாத்தி வாசிக்கறத முதல் நாளே அம்மா வேணாம்னுருச்சு, நீ சும்மா வாசி, எனக்கு குரல் கேக்கும்னுச்சு.

அடுத்து பூமணியோட வெக்கை. 1982ல வந்த நாவல், 2019ல அசுரன்னு படமா வந்ததால அம்மாவுக்குக் கதை பாதி தெரியும், டிவில பாத்துருக்கு. படத்துல வர்ற மாதிரி சண்டைய எதிர்பாத்து இதுக்குள்ள போகாதீங்க, இது வேற. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம், கைய மட்டும் வெட்டணும்னு போனவன் ஆளையே வெட்டிடறான், அதுக்கப்புறம் எட்டு நாள் அப்பனும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிஞ்சு திரியறாங்க, அவ்வளவுதான் கதை. ஆனா அந்த எட்டு நாள்ல அவங்க என்ன சாப்பிட்டாங்க, எங்க படுத்தாங்க, எதப்பத்திப் பேசிக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கறது இருக்கே. கொலைய விட எனக்கு நின்னது அப்பன் மகனுக்கு சோறு பொங்கிப் போடற இடந்தான். அம்மாவுக்கு அந்தக் காட்டுல வர்ற செடி கொடி எல்லாம் தெரியுது, எனக்கு ஒண்ணுமே தெரியல. கடைசியில ரெண்டு பேரும் கோர்ட்டுல சரணடையப் போறதோட கதை நின்னுடும். வாசிச்சு முடிச்சு மூடி வச்சுட்டு படுத்துட்டேன். மறுநாள் காலையில சொட்டு மருந்து விடும்போது அம்மா கேக்குது, அந்தப் பயலுக்கு எத்தனை வருஷம் போட்டுருப்பாங்கன்னு. ராத்திரி பூரா அதத்தான் நினைச்சுக்கிட்டு கெடந்துருக்கு.

அப்புறம் ஒரு தப்பு பண்ணேன். இமையத்தோட செல்லாத பணம், 2020க்கு சாகித்ய அகாடமி வாங்குன நாவல், ரொம்ப நாளா படிக்கணும்னு வச்சிருந்தது, அத எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். ஒரு பொண்ணு தீக்காயத்தோட புதுச்சேரி ஜிப்மர் வார்டுல கெடக்கா, அவ அப்பன், ஆத்தா, அண்ணி எல்லாம் வாசல்ல காத்துக் கெடக்காங்க, நாவல்ல பெரும்பகுதி அந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான். நான் கதைச் சுருக்கம் தெரிஞ்சே எடுத்தேன், ஆனா கேக்கப் போறது ஆஸ்பத்திரியில இருந்து வந்து பத்து நாள் ஆகாத ஆளுங்கறத யோசிக்கல. ஆஸ்பத்திரி வர்ற இடம் தொடங்குன கொஞ்ச நேரத்துல அம்மா கை தலகாணிய இறுக்கிப் பிடிச்சுருக்கறத கீழ இருந்து பாத்தேன். நிறுத்தட்டுமாம்மான்னேன். வேணாம், உனக்குப் பிடிச்சா வாசின்னுச்சு. நிறுத்திட்டேன். அன்னையில இருந்து ஒரு ஏற்பாடு பண்ணோம், அம்மா மேஜைய ரெண்டு தட்டு தட்டுனா ஏன் எதுக்குன்னு கேக்காம புத்தகத்த மூடிடணும். கேக்கறவங்க நம்ம மனசு நோகும்னு பொறுத்துக்கிட்டு கேப்பாங்க, அதனால நிறுத்தச் சொல்ற வழிய முதல் நாளே அவங்க கையில குடுத்துருங்க, பேச வேண்டியிராத வழியா இருக்கட்டும்.

அந்த நாவல நான் மட்டும் ராத்திரி அடுக்களையில உக்காந்து முடிச்சேன். ஹெட்மாஸ்டரா இருந்த அப்பன் நடேசன், மகள் ஆட்டோ ஓட்டற பையன கட்டிக்கிட்டான்னு வருஷக்கணக்கா பேசாம இருந்தவரு, இப்ப எவ்வளவு வேணாலும் செலவழிக்கத் தயாரா நிக்கறாரு, அந்தப் பணத்தால ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நம்ம உக்காந்துருக்கும்போது பக்கத்துல இருக்கறவங்க பேச்செல்லாம் துண்டு துண்டா காதுல விழும்ல, நாவல் முழுக்க அப்படித்தான் பேச்சாலயே போகுது. அம்மாவோட ஆபரேஷன் அன்னைக்கு நான் உக்காந்துருந்த பெஞ்சு ஞாபகம் வந்து நடுவுல மூடி வச்சுட்டு போய் அம்மா மூச்சு விடறத பாத்துட்டு வந்தேன். நல்லா இருக்கறப்ப படிங்க, கட்டாயம் படிங்க.

அசோகமித்திரனோட தண்ணீர் சின்ன நாவல், நாலு நாள்ல முடிஞ்சுது. மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம், ஒரு தெருவு, ஜமுனான்னு ஒருத்தி. இவரு எழுத்த சத்தமா வாசிக்கறதுக்கு நிதானம் வேணும், கோபமோ அழுகையோ எதையும் கூட்டிச் சொல்லாம அடக்கி எழுதறாரு, நம்ம குரல கொஞ்சம் ஏத்துனாலும் கெட்டுப் போயிடுது. பேப்பர் வாசிக்கற மாதிரி சமமா வாசிச்சேன், அதுதான் சரியா இருந்துச்சு. ஜமுனாவும் பக்கத்து டீச்சரம்மாவும் பேசிக்கற இடத்துல அம்மா சொன்னது, அந்த டீச்சரம்மா மாதிரி ஒரு ஆளு தெருவுக்கு ஒண்ணு இருந்தா போதும்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு குடத்த வரிசையில போட்டுட்டு அடி பம்புக்குக் காத்துக் கெடந்த வருஷங்கள அம்மா நாள் கணக்கோட சொல்லுச்சு.

இப்ப கருக்கு. பாமா எழுதுனது, 1992ல வந்துச்சு. பனை மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி இருக்கும்ல, அதுதான் கருக்கு. ஒரு தலித் கிறித்தவப் பொண்ணு, படிச்சு, டீச்சராகி, கன்னியாஸ்திரீ மடத்துல சேந்து, அங்கயும் சாதி இருக்கறத பாத்து வெளிய வந்த கதைய தன்னோட பேச்சு மொழியிலயே எழுதியிருக்காங்க. வாய் விட்டு வாசிக்க இத மாதிரி ஒரு புத்தகம் கிடையாது, வாக்கியத்த பாத்தாலே நாக்குல தானா வந்துடுது. தெருவு விளையாட்டு, தீனி, வேஷம் கட்டறது எல்லாம் வர்ற பக்கங்கள்ல அம்மா குலுங்கக் குலுங்க சிரிச்சுச்சு, தலைய ஆட்டாதம்மான்னு நான் அதட்ட வேண்டியிருந்துச்சு.

அதுக்கப்புறம் அந்த வடைப் பொட்டலம் வந்துச்சு. படிச்சவங்களுக்குத் தெரியும். அவங்க தெருவுல ஒரு பெரியவரு பொட்டலத்த கையால தொடாம சுத்தியிருக்கற நூல மட்டும் பிடிச்சு தூக்கிட்டுப் போய் மேல்சாதிக்காரருக்குக் குடுப்பாரு, சின்னப்பிள்ளையா இருந்தவங்க அத பாத்து வேடிக்கையா இருக்குன்னு சிரிச்சிருக்காங்க, அண்ணன் சொன்னப்புறந்தான் அது என்னன்னு தெரியுது. நான் வாசிச்சு முடிச்சேன். மேல இருந்து சத்தமே இல்ல. ரெண்டு தட்டு வருமோன்னு பாத்தேன், வரல. ரொம்ப நேரம் கழிச்சு அம்மா சொல்லுச்சு, எங்க வீட்டுல கொல்லைப்பக்கம் இறவாணத்துல, கூரை ஓரத்துல, ஒரு தகர டம்ளர் சொருகி இருக்கும் பாப்பா, வேலைக்கு வர்றவங்களுக்கு, அவங்களே எடுத்து அவங்களே கழுவி அவங்களே சொருகணும், நாந்தான் மேல இருந்து தண்ணி ஊத்துவேன், அந்த டம்ளர்ல துரு பிடிச்சுருந்துச்சு, ஒரு நாள் கூட எனக்கு அது உறைக்கலன்னு. அப்புறம் ஒரு அம்மா பேரச் சொல்லி, அவங்க இப்ப இருக்காங்களோ இல்லையோன்னுச்சு. நான் ஒண்ணும் பேசல. கண்ணுல தண்ணி வந்தா ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு ஆகுமோ ஆகாதோன்னு எனக்கு அந்தக் கவலை வேற. அன்னைக்கு ராத்திரி அதுக்கு மேல வாசிக்கல, மறுநாள் அம்மாவே மிச்சத்த எடுன்னுச்சு.

கண்ணால படிக்கும்போது நமக்கு உறுத்தற பத்திய கண்ணு தாவிப் போயிடும், நமக்கே தெரியாது. சத்தமா வாசிக்கும்போது தாவ முடியாது, ஒவ்வொரு சொல்லும் நம்ம வாய் வழியாத்தான் போயாகணும். நான் காலேஜ்ல பாடத்துக்காக கருக்கு படிச்சவதான், பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்குனேன். அந்தத் தகர டம்ளர் இருந்தது எங்கம்மா வீட்டுக் கொல்லைன்னு எனக்கு அந்த ஆனி மாசந்தான் தெரியும்.

ப.சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணிய மதுரைக்காரி நான் அம்மாவுக்கு எப்படியாவது வாசிச்சுக் காட்டிடணும்னு நினைச்சேன், அவரு பிற்பாடு மதுரையிலயே வாழ்ந்து முடிச்ச மனுஷன். ரெண்டு நாளுக்கு மேல முடியல. பினாங்கு, மெடான்னு ஊர் மாறுது, மலாய்ச் சொல்லு வருது, கதாநாயகன் பாண்டியன் மனசுக்குள்ள பேசறதும் வெளிய பேசறதும் கலந்து ஓடுது, பக்கத்துல எழுத்தா பாத்தா பிரிச்சுக்கலாம், காதால கேக்கறவங்களுக்கு யாரு பேசறாங்கன்னே பிடிபடல. அம்மா ரெண்டு தட்டு தட்டிருச்சு. நான் தனியா படிச்சு முடிச்சேன், இந்த ஏழுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா இதத்தான் சொல்லுவேன். நமக்குப் பிடிச்சதும் காதுக்கு ஏத்ததும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

மாசம் முழுக்க காலையில ஒரு அரை மணி நேரம் மட்டும் ஓடுனது உ.வே.சாமிநாதையரோட என் சரித்திரம். 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, 1942ல அவரு காலமாயிட்டதால முடியாமலே நின்னது. தொடரா எழுதுனதால ஒவ்வொரு அத்தியாயமும் அளவா இருக்கு, காலை காபிக்கும் அடுத்த சொட்டு மருந்துக்கும் நடுவுல ஒண்ணு முடிச்சிடலாம். இணையத்துல இலவசமாவே கிடைக்குது, போன்ல எழுத்த பெருசு பண்ணி வச்சு வாசிச்சேன். அத்தியாயம் சின்னதா இருக்கற புத்தகத்தத்தான் இந்த வேலைக்கு எடுக்கணும், ஒரு அத்தியாயம் அறுபது பக்கம் போனா நடுவுல எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. மறுநாள் ஆரம்பிக்கும்போது நேத்து எங்க விட்டோம்னு நான் சொல்றத விட அம்மாவ சொல்லச் சொன்னேன், எனக்கு மறந்துபோன பேரெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருந்துச்சு.

சாமிநாதையர் பெரும்பாலும் படிச்சேன்னு சொல்ல மாட்டாரு, பாடம் கேட்டேன்னுதான் சொல்லுவாரு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேக்க மாயவரம் போறது, பிள்ளை அவரோட பேர மாத்தி சாமிநாதன்னு கூப்பிடறது, இதெல்லாம் அம்மாவுக்கு ஏதோ சொந்தக்காரங்க வீட்டுக் கதை மாதிரி ஆயிடுச்சு. பிள்ளை நல்லா சாப்பிட்டாரா, கடன் தீந்துச்சான்னு என்கிட்ட விசாரிக்கும். 1876ல பிள்ளை சாகற இடம் வந்துச்சு. செல்லாத பணத்துல பட்டதால முதல்லயே சொன்னேன், ம்மா இன்னைக்கு அவரு இறந்துருவாரு, வாசிக்கட்டுமா வேணாமான்னு. வாசின்னுச்சு. கடைசி நேரத்துல திருவாசகத்த வாசிக்கச் சொல்லி அவரு குறிப்பு காட்ட, சாமிநாதையர் அதுல அடைக்கலப் பத்த எடுத்து வாசிக்கறாரு, சவேரிநாத பிள்ளைன்னு ஒரு கிறித்தவ மாணவர் குருவ தன் மார்புல சாச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. சொல்லிக் குடுத்தவருக்கு பாடம் கேட்ட மாணவன் வாசிச்சுக் காட்டுறான். எனக்கு வாசிக்க முடியாம குரல் நின்னுபோச்சு. அம்மா மேல இருந்து கைய இறக்கி என் தலையில வச்சுச்சு, அப்புறம் மெல்ல, அந்த அடைக்கலப் பத்து நம்ம வீட்டுல இருக்கான்னு கேட்டுச்சு. இல்ல, அன்னைக்கே சாயங்காலம் திருவாசகம் வாங்கிட்டு வந்தேன்.

புத்தகம் வாங்குறதுல ஒரு எச்சரிக்கை. வாங்குன ஒண்ணுல பதினாறு பக்கம் ரெண்டு தடவ இருந்துச்சு, அதுக்கு பதிலா வர வேண்டிய பதினாறு பக்கம் இல்லவே இல்ல. பைண்டிங்ல ஃபாரம், அதாவது அந்தப் பதினாறு பக்க மடிப்பு, மாறிடுச்சுன்னு சொல்றாங்க. நான் பாட்டுக்கு அதையும் வாசிச்சுட்டுப் போறேன், இத நேத்தே வாசிச்சியேன்னு அம்மாதான் பிடிச்சுச்சு. மாத்திக் குடுக்க ரெண்டு வாரம் இழுத்தடிச்சாங்க. கடையிலயே நின்னு பதினாறு பதினாறா பக்க எண்ண ஒரு புரட்டு புரட்டிப் பாத்துருங்க, ஒரு நிமிஷம் ஆகாது.

போன வாரம் செக்கப் போனோம். பொத்தல் மூடிருச்சு, குமிழி பார்வைக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வளையமா ஆடுற மாதிரி தெரியுதுன்னு அம்மா சொல்லுது, திரும்பி வரும்போது பஸ் போர்டுல பெரியார்ங்கறத எழுத்துக் கூட்டி வாசிச்சுச்சு. புஸ்தக எழுத்து இன்னும் எறும்பு ஊர்ற மாதிரித்தான் தெரியுதாம், புரை எடுத்தாத்தான் சரியாகும்னு சொல்லியிருக்காங்க. என் சரித்திரத்துல சாமிநாதையர் சீவக சிந்தாமணிய அச்சுக்குக் குடுக்கற இடத்துக்கு வந்து நிக்கறோம். கோபல்ல கிராமத்தோட தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்களும் வாங்கியாச்சு, சாமிநாதையர் முடிஞ்சப்புறந்தான் அதுன்னு அம்மா உத்தரவு.

அம்மாவோட ஆச்சி வீட்டுல பெரிய எழுத்து நல்லதங்காள் கதை ஒண்ணு இருந்துச்சாம், அட்டை கிழிஞ்சது, எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையா, ராத்திரி சிம்னி வெளக்குல ஒரு ஆளு வாசிக்க தெருவே உக்காந்து கேட்டு அழுவாங்களாம். அந்த மாதிரி கொட்டை எழுத்துல இப்ப யாராச்சும் நல்ல நாவல் அச்சடிச்சு விக்கறாங்களா, தெரிஞ்சவங்க சொன்னா உபகாரமா இருக்கும், அம்மா தானே ஒரு பக்கம் வாசிச்சுப் பாக்கணும்னு ஆசைப்படுது.